பொதுச்சுவரின் கதகதப்பு

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

மார்ச் மாதத்துக் காலை. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் படிந்து கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இன்னும் இருமத் தொடங்கவில்லை. டெலவேர் ஆற்றிலிருந்து ஏறி வரும் காற்று கதவிடுக்கில் நுழைந்து தரைப்பலகைகளைக் குளிரவைத்திருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பைக் காலால் துழாவிய ஆர்டெல்லா சற்றே தடுமாறி, வடக்குச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினாள். ஊன்றிய கையை எடுக்கத் தோன்றவில்லை. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரின் சூடு அல்ல அது. வெயிலில் காய்ந்த செங்கல்லின் சூடும் அல்ல, வடக்குச் சுவர் வெயிலைப் பார்த்ததே இல்லை. யாரோ வெகுநேரம் படுத்திருந்து இப்போதுதான் எழுந்துபோன மெத்தையில் மிச்சமிருக்குமே, அந்தச் சூடு.

கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்துக் கோபுரக்காரனுங்க வேலை, என்று நினைத்தாள்.

அந்தச் சுவருக்கு மறுபுறம் இப்போது வீடு இல்லை. முன்பு யூலாவின் வீடு இருந்தது. ஹேசல் சந்தில் எல்லா வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே செங்கல் சுவர்தான், இரண்டுக்கும் பொது. இந்த வீட்டு உத்தரம் ஒரு பக்கத்திலிருந்தும் அந்த வீட்டு உத்தரம் மறுபக்கத்திலிருந்தும் அதே சுவருக்குள் தலையைப் புதைத்துக் கிடக்கும். அடுக்குக்கு ஒன்றாக மூன்று அறை, மூலைக் கதவுக்குப் பின்னால் சுருண்டு ஏறும் படிக்கட்டு. ஃபிலடெல்ஃபியாவில் அந்த மாதிரி வீட்டைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்பார்கள். பிதாவில் சமையல். சுதனில் ஆர்டெல்லா. உச்சியில் பரிசுத்த ஆவி, அவள் தம்பி லெமுவேலின் அறை.

யூலா வீட்டை விற்றுவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனாள். அடுத்த குளிர்காலத்தை அவள் பார்க்கவில்லை. அவள் வீட்டை இடித்தார்கள். பிறகு அதற்கடுத்த வீடு, அதற்கடுத்தது. சந்தின் அந்தப் பக்கம் முழுவதும் குழியாகி, குழியிலிருந்து கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு கோபுரம் எழுந்து, பகலில் இவர்கள் வீட்டு ஜன்னல்களிலிருந்த கொஞ்ச ஆகாயத்தையும் எடுத்துக்கொண்டது. இடித்த சந்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஹேசல். பளபளக்கும் எழுத்துகளில் அந்தப் பெயர் முதன்முறை எரிந்தபோது லெமுவேல் அண்ணாந்து பார்த்து, "செத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு அவன் எழவுக்கே வந்திருக்கான் பாரு" என்றான்.

கோபுரத்துக்கும் இவர்கள் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடுக்கு விட்டிருந்தார்கள். மழை இறங்காமலிருக்க மேலே தகரம் அடித்து மூடியிருந்தது. பூனைகூட நுழைய முடியாத இடுக்கு. மார்ச் மாதத்தில் அதற்குள் இருக்க வேண்டியது குளிர் மட்டுமே.

"உன் ரூம் சுவரத் தொட்டுப் பாத்தியா லெம்?" காலை உணவின்போது கேட்டாள்.

"தினம்தான் தொடுறேன். ஏன்?"

"சூடா இருக்கு."

"நல்லதுதானே. ரேடியேட்டர் பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"சிரிக்காத. என்னமோ குழாய் போட்டுக் கொதிக்கவிடுறானுங்க. நாம ரெண்டு பேர்தான் பாக்கி. வேகவெச்சுத் துரத்தலாம்னு பாக்குறானுங்க."

"நம்மள வேகவெக்க ரொம்ப நாள் ஆகும் டெல்லா. ரெண்டும் முத்தின கோழி."

அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரநாளில் முகம் மழித்திருந்தான். கழுத்துப்பட்டை கசங்காத சட்டை. நாற்பது ஆண்டு நகரப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். மாதாகோயிலுக்குக்கூட இழுத்துக்கொண்டு போக வேண்டியவன். யாருக்காக இந்தச் சட்டை?

*

அந்தச் சந்தில் பிறந்தவர்களுக்குத் தட்டாமல் ஆணி அடிக்கத் தெரியாது.

பொதுச்சுவரில் இந்தப் பக்கம் ஒருவர் சுத்தியலை எடுத்தால் அந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியும் பீங்கான் தட்டும் விழுந்து நொறுங்கும். அதனால் முதலில் விரல்முட்டியால் மூன்று தட்டு. மறுபுறத்து வீட்டார் தங்கள் சாமான்களைச் சுவரிலிருந்து இறக்கிவைத்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அடித்துக்கொள் என்று அர்த்தம். பதில் வராமல் அடிப்பவன் மனிதனே அல்ல. இரண்டு குடும்பம் ஒரு தலைமுறை முழுக்கப் பேசாமலிருந்ததற்கு அப்படி விழுந்து நொறுங்கிய ஒரு பீங்கான் தட்டுதான் காரணம். மூன்று கேட்டால் இரண்டு தட்டுவது ஆர்டெல்லாவின் கைக்குத் தும்மினால் வாயை மூடுவது போல.

அந்த வாரம் லெமுவேல் தன் தொப்பிக்கும் கோட்டுக்கும் அவள் அறைச் சுவரில், படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு கொக்கி அடிக்க வந்தான். ஆணியை உதட்டில் கவ்வியபடி, யோசிக்காமல், சுவரில் மூன்று முறை தட்டினான்.

தட்டிவிட்டு அவனே சிரித்தான். "பாரு என் மூளைய. யாரு இருக்கான்னு தட்டுறேன்?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மெல்ல உராய்ந்தது. பீங்கானின் சத்தம். ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு. யாரோ அவசரப்படாமல் எடுத்து அடுக்குகிறார்கள். 

இரண்டு தட்டு.

லெமுவேலின் உதட்டிலிருந்து ஆணி நழுவித் தரையில் உருண்டது. அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ரயில் நிலையத்தில் யாருக்காகவோ வெகுநேரம் காத்திருந்தவன், கூட்டத்தில் தெரிந்த தலையைக் கண்டதும் முகம் மாறுமே, அப்படி மாறியது.

"குழாயா இருக்கும்" என்றான்.

"குழாய் தட்டு அடுக்குமா?"

"அப்ப ஸ்பீக்கர். நீதான் சொல்றியே, நம்மள பயமுறுத்துறானுங்கன்னு."

அவள் சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொல்லிவிட்டான். அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. இந்தத் தட்டுக் கணக்கு சந்துக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். கோபுரக்காரர்களுக்கு யார் சொன்னது?

*

ஹாலன்பெக் கோபுரக்காரர்களின் ஆள். வீட்டை விலைக்குக் கேட்டு மாதம் ஒருமுறை கதவைத் தட்டுவான், ஒவ்வொரு முறையும் கேக்கோ பூவோ கொண்டுவருவான். இந்த முறை அவளே அவனைத் தேடிப் போனாள்.

"சத்தியமா சொல்றேன் மிஸ் ஆர்டெல்லா, உங்க சுவர் பக்கம் குழாயே போகல. எங்க கான்கிரீட், அப்புறம் காத்து, அப்புறம் நீங்க. அவ்வளவுதான்."

"சத்தியத்த எதுக்கு ராசா இழுக்குற, அது பாட்டுக்குத் தூங்கட்டும். காட்டு, நானே பாத்துக்குறேன்."

கோபுரத்தின் வரவேற்புக் கூடத்தில் யூலா வீட்டின் முகப்பை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அதே செங்கல், அதே மூன்று வெள்ளைப் பளிங்குப் படி, அதே நீலக் கதவு, மேலிருந்து விளக்கு. வரலாற்றைப் பாதுகாக்கிறார்களாம். பித்தளைக் குமிழைத் திருகினாள். திறந்தது. உள்ளே கதவை ஒட்டியே வழுவழுப்பான கான்கிரீட். தொட்டுப் பார்த்தாள். பிணம் போல் சில்லென்றிருந்தது.

"அந்தக் கதவ யாரும் திறக்கறதில்ல" என்றான் ஹாலன்பெக், அவசரமாக அதைச் சாத்தி.

"பின்ன எதுக்குக் குமிழு வெச்சிருக்க?"

அவன் போய் லிஃப்டின் பொத்தானை அழுத்தினான்.

இவர்கள் கூரை மட்டத்தில் கோபுரத்துக்கு ஒரு திறந்தவெளி மாடி இருந்தது. தொட்டியில் புல், சாய்வு நாற்காலிகள், இன்னும் பிரிக்காத உறைகளோடு. ஹாலன்பெக் ஒரு வேலையாளைக் கூப்பிட்டு இடுக்கின் மேலிருந்த தகரத்தில் ஒரு துண்டைக் கழற்றச் சொன்னான். அவள் முழங்காலிட்டுக் குனிந்தாள். இந்தப் பக்கம் கோபுரத்தின் சாம்பல்நிறச் சுவர், அந்தப் பக்கம் தன் வீட்டுச் செங்கல்மேல் பூசிய சிமெண்டு. நடுவில் கத்தியால் கீறியது போல் இருட்டு. பட்டப்பகல் வெளிச்சம் முழங்கை ஆழத்துக்கு மேல் அதற்குள் இறங்கவில்லை.

இருட்டிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் மோதியது. மோதி, நின்று, உள்ளே இழுத்துக்கொண்டு, மறுபடி வந்தது. அதில் வெங்காயம் வதங்கும் மணம் இருந்தது. ஈரத்துணிமேல் இஸ்திரிப்பெட்டி படும்போது எழும் கஞ்சி வாடை, மண்ணெண்ணெய் விளக்கின் கரி, பால் குடித்த குழந்தையின் வாய்ப்புளிப்பு, நனைந்த கம்பளி, யாருடைய தலைக்கோ தேய்த்த எண்ணெய். ஒரு வீட்டின் வாசனை அல்ல. ஒரு சந்து முழுவதும் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டினால் வருமே, அது. கீழே, வெகு கீழே, இவர்கள் வீட்டு ஆழத்தையும் தாண்டிய ஏதோ ஆழத்தில், யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

நிமிர்ந்து ஹாலன்பெக்கைப் பார்த்தாள். அவனும் முகர்ந்திருந்தான். அந்தக் குளிரில் அவன் மேலுதட்டில் வியர்வை.

"கீழ ரெஸ்டாரண்ட் வேலை நடக்குது" என்றான். "அந்த வாடை." தகரத்தை மூடச் சொல்லிக் கைகாட்டியவன், வேலையாள் கடைசித் திருகைப் போட்டு முடிக்குமுன்பே லிஃப்டுக்கு நடந்துவிட்டான்.

பொய் சொல்லுறான், என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவன் பொய் சொல்வது உறுதியானதும் மற்ற எல்லாம் எளிதாகிவிட்டது. உள்ளே ஆள் வைத்திருக்கிறான். சமைத்துப் போட்டு உட்காரவைத்திருக்கிறான். தட்டுக் கணக்கை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் பாக்கி.

அந்த வீட்டில் அவளும் லெமுவேலும் பிறந்தார்கள். அம்மா சுதன் அறையில்தான் கண்ணை மூடினாள். அப்பா ஜன்னலோரம். தன்னையும் அங்கிருந்துதான் தூக்க வேண்டும் என்று அவள் எப்போதோ முடிவுசெய்துவிட்டாள். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. இருவரில் ஒருவர் கை நழுவினால் போதும்.

*

மேலே லெமுவேல் பேசிக்கொண்டிருந்தான்.

சாயங்காலங்களில் அது வழக்கமாகிவிட்டது. சுருள் படிக்கட்டின் கதவைச் சாத்திக்கொள்வான். கட்டில் நகரும் சத்தம் கேட்கும், வடக்குச் சுவரை நோக்கி. பிறகு அந்தக் குரல். கதவுக்கு வெளியே நின்று காதை வைத்தால் சொல் பிடிபடாது, தணிவும் குழைவும் மட்டும் கேட்கும். அவனுக்கு இப்படியொரு குரல் இருந்தது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் கையில் மடித்த துணிகளோடு படியில் பாதி ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"...அவ சம்மதிக்க மாட்டா. அவளத் தெரியுமே உனக்கு." சிரிப்பு. "இல்ல, இல்ல. அவசரப்படாத. நான் பாத்துக்குறேன். இன்னும் கொஞ்ச நாள்."

அவள் கீழே இறங்கினாள். துணிகளை மேசையில் வைத்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன் பொரித்திருந்தாள். அவன் தட்டில் வைக்காமல் கேட்டாள்.

"யாரோட பேசின?"

"எப்ப?"

"லெமுவேல்."

முழுப் பெயரைக் கேட்டதும் அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தான், சின்ன வயதில் உட்கார்ந்தது போலவே. "யூலாவோட" என்றான்.

"யூலாவப் பொதைச்ச அன்னிக்கு மழையில நீதான் எனக்குக் குடை பிடிச்ச."

"தெரியும்."

"பின்ன?"

"தட்டுறா, நான் பதில் தட்டுறேன். காத வெச்சா கொஞ்சம் கேக்குது. அவ மட்டும் இல்ல டெல்லா. சந்துக்காரங்க எல்லாரும் இருக்காங்க. நமக்கு முந்தினவங்க, அவங்களுக்கும் முந்தினவங்க. எல்லாச் சுவரும் போச்சாம். நம்மளது ஒண்ணுதான் நிக்குதாம்." மீன் சட்டியைப் பார்த்தபடியே சொன்னான். "மரியாதையாத்தான் கேக்குறாங்க. கேக்காம எதுவும் செய்ய மாட்டாங்க."

"எத?"

"எனக்கும் சரியா விளங்கல."

அவனையே பார்த்தாள். புதுச் சட்டை, மழித்த முகம், தாழ்ந்த கண். யூலா உயிரோடிருந்தபோது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் துணியாமல் பனிக்காலம் முழுக்க அவள் வாசல் பனியை மட்டும் அள்ளிப் போட்டவன், இப்போது அவள் பெயரையே எடுத்து மறைத்துக்கொள்கிறான். இதைவிடக் கேவலம் உண்டா?

"எவ்வளவுக்கு வித்த?"

"என்னது?"

"ஹாலன்பெக்குக்கு. எவ்வளவுக்கு?"

அவன் மீன் சட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தான். "நீயா இப்படிக் கேக்குற டெல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து மேலே போனான். மீன் ஆறிப்போனது.

மறுநாள் காலை அவள் அறை வடக்குச் சுவரில், ஒட்டியிருந்த சுவர்த்தாளின் சிறு ரோஜாப் பூக்களுக்கு நடுவே, ஓர் ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுபுறத்திலிருந்து அடித்தது. சதுரமான, கையால் அடித்து நீட்டிய பழைய இரும்பு. அதன் நுனியில் சுவர்த்தாள் உதடுபோல் பிதுங்கியிருந்தது. தொட்டாள். சூடு. விடிவதற்குமுன் அரைத்தூக்கத்தில் மூன்று தட்டுக் கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. மேலேயிருந்து, தம்பியின் விரல்முட்டியிலிருந்து, இரண்டு பதில் போனதும். அதன்பின் தூரத்தில் யாரோ கதவைச் சாத்துவது போல் மெத்தென்ற அடிகள்.

அவள் சுவரிலிருந்த எல்லாவற்றையும் இறக்கினாள். அம்மாவின் படம், முகம் பார்க்கும் கண்ணாடி, தேவாலயத்துக் காலண்டர். இறக்கும்போதுதான் தோன்றியது: அவர்கள் கேட்டதற்கு நான் முறைப்படி நடந்துகொண்டிருக்கிறேன். எரிச்சலோடு கண்ணாடியைக் கட்டிலில் எறிந்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சில முனைகள் வந்தன. தாறுமாறாக அல்ல. எதையோ அளந்து பார்த்து இடம் தேடுவது போல, ஒன்று தோள் உயரத்தில், ஒன்று இடுப்பருகே, ஒன்று சற்றுத் தள்ளி. ஒவ்வொரு முனைக்கும் சுவரின் சூடு கூடியது. இரவில் ரேடியேட்டரை அணைத்துவிட்டும் அறை புழுங்கியது. லெமுவேல் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை சந்து முனையில் ஹாலன்பெக் அவன் தோளில் கைவைத்து ஏதோ சொல்வதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். லெமுவேல் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொக்கியில் அவன் கோட்டும் தொப்பியும் இல்லை.

சொல்லாமல் போயிருந்தான். ஞாயிறு, அலுவலகங்கள் மூடியிருக்கும் நாள், யாரும் கவனிக்காத நாள். கையெழுத்துப் போடத்தான் போயிருக்கிறான். அவள் கீழே சமையலறையில், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று கீரையை அலசிக்கொண்டிருந்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் வேறு எதுவும் காதில் விழக்கூடாது என்பது போல. மண் போகும்வரை அலசினாள். போனபின்னும் அலசினாள்.

குழாயை மூடிவிட்டுச் சுதன் அறைக்கு ஏறியபோது, மூன்று தட்டு.

நிதானமாக. மரியாதையாக.

அவள் அறை நடுவில் நின்றாள். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜன்னலில் மங்கிய, சாயாத பகல் வெளிச்சம், கோபுரக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. சுவர்த்தாளின் ரோஜாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்ப்பது போலிருந்தது.

மறுபடி மூன்று.

இன்னைக்குப் பதில் தட்ட அவன் இல்ல, என்று நினைத்தாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. தெளிவான, கெட்டிக்கார எண்ணம். பதில் தட்டினால்தானே அடிப்பார்கள்? அடிக்கட்டும். கையும் களவுமாகப் பிடிக்கலாம். பிடித்துவிட்டால் நகராட்சிக்காரர்கள் வருவார்கள், லெமுவேல் போட்ட கையெழுத்துச் செல்லாது, வீடு நிற்கும்.

ஹாலன்பெக்குக்குப் போன் போட்டாள்.

"மிஸ் ஆர்டெல்லா? எதாவது பிரச்சினையா?"

"என் தம்பி உன் பக்கத்துலதான இருக்கான்?"

"உங்க தம்பியா? இல்லியே. வெள்ளிக்கிழமை பாத்தேன். விக்கவே மாட்டேன், எங்க அக்கா மனசு தாங்காதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

பொய். எல்லாம் பொய். "உன் ஆளுங்க இப்ப அடிக்கப் போறானுங்க. காதால கேளு."

"என் ஆளுங்களா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க. சைட்ல ஒருத்தரும் இல்ல."

"கேளுங்குறேன்."

போனை இடது கையில் சுவரை நோக்கிப் பிடித்தாள். வலது கையை உயர்த்தினாள்.  எழுபது ஆண்டுப் பழக்கம் கைக்குள் இருந்தது.

இரண்டு தட்டினாள்.

ஒன்றுமில்லை. ரேடியேட்டரில் ஒரு சொட்டு. சந்தில் ஒரு புறா.

பிறகு அடி விழுந்தது.

இந்த அறைச் சுவரில் அல்ல. மேலே. பரிசுத்த ஆவியில்.

முதல் அடி செங்கல்லில் விழுந்த அடி. கணீரென்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வேறு மாதிரி. மெத்தென்று. நனைந்த மூட்டையில் குத்தியது போல. அதன்பின் எல்லாம் மெத்தென்றே விழுந்தன, ஒழுங்காக, இடைவெளி விட்டு, தொழில் தெரிந்தவர் அடிப்பது போல. கூரைப்பலகையின் இடுக்கிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவள் கன்னத்தில் உதிர்ந்தது.

"கேக்குதா ராசா?" அவள் குரலில் வெற்றி இருந்தது. "இதுக்கு என்ன சொல்லப் போற?"



"மிஸ் ஆர்டெல்லா" என்றான் ஹாலன்பெக். "அங்க உங்ககூட யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"யாரோ உங்களக் கூப்பிடுறாங்க."

"என்ன உளறுற?"

"டெல்லா, டெல்லான்னு." அவன் குரல் உடைந்தது. "சுவருக்குள்ளேர்ந்து வருது."

அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் பாக்கி.

போன் எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. மூலைக் கதவைத் திறந்தாள். சுருள் படிக்கட்டில் ரொட்டி வாசனை. இரண்டாவது படியில் ஒரு காகிதப்பை. குனிந்தாள். உள்ளே உப்புத் தூவிய பிரெட்சல்கள், முறுக்கிச் சுட்ட ரொட்டி, இரண்டு, சூடு ஆறாமல். பக்கத்தில் அவளுக்குப் பிடித்த கடுகுச் சாந்து. சமாதானத்துக்கு வாங்கிவந்தது. பையை இங்கே வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டிருப்பான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. காத்திருக்கும் நேரத்துக்குக் கோட்டோடேயே மேலே போயிருப்பான். சுவரில் காதை வைக்க.

அடி நின்றது.

"லெம்."



சுவரைப் பிடித்து ஏறினாள். சுவர் சுட்டது. கையை எடுத்தாள். படியோரம் கைப்பிடியாகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தாள். ஒரு திருப்பம். இன்னொன்று. மேலே கதவு பாதி திறந்திருந்தது. முழங்கையால் தள்ளினாள்.

கட்டில். ஜன்னல். தரையில் தொப்பி.

அவன் வடக்குச் சுவரில் இருந்தான்.

முதுகு இவள் பக்கம். கோட்டு. கைகள் இரண்டும் தளர்ந்து தொங்கின. காலணிகள் தரையைத் தொடவில்லை. காலணியின் கட்டாத நாடா ஒன்று மெல்ல ஆடியது. கோட்டின் முதுகில், தோளுக்குத் தோள், கீழே இடுப்பில், துணியைத் துளைத்துக்கொண்டு சதுர இரும்பு முனைகள். ரத்தம் இல்லை. தலை இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். இருந்தது. காது வரைக்கும் சுவருக்குள் போயிருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு விரிசல் இல்லாமல், சுத்தமாக, சட்டம் போட்டது போல் மூடியிருந்தது. நரைத்த பின்னந்தலை மட்டும் இந்தப் பக்கம். முகம் அந்தப் பக்கம்.

சுவரின் உள்ளே, வெகு அருகில், அவன் குரல். "டெல்லா?"

 

அவன் சற்று இடப்பக்கம் சாய்ந்திருந்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ அவனைப் பிடித்தது. தோள்கள் அசைந்தன. இடது தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது. கொஞ்சம் கூடுதலாக. பிறகு கவனமாகத் தாழ்ந்தது. கால்கள் ஆடி நின்றன. நேராகிவிட்டான்.

பிறகு சுவருக்கு அப்பால், பழைய தரைப்பலகை முனகியது. சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, யாரோ ஓரடி பின்னால் நகரும் சத்தம்.